அயோடின் உப்பு: சயனைடு அச்சமும் சட்டக் கட்டாயமும்

மீனாட்சிபுரத்தாள்:

சென்ற மாதம் என் மாமியாரின் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது. தூள் உப்புப் பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் 536 என்ற எண்ணைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டி, "இது பொட்டாசியம் ஃபெரோசயனைடு, பெயரிலேயே சயனைடு இருக்கிறது" என்று ஒருவர் உரக்கச் சொல்கிறார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு அயோடின் கலந்த தூள் உப்பு துணி ஊறவைக்கும் வாளியருகே போய்விட்டது. அடுப்பங்கரையில் அதன் இடத்துக்கு, பரணிலிருந்து இறங்கிய பீங்கான் ஜாடி நிறையக் கல்லுப்பும், ஒரு சிறு புட்டியில் இளஞ்சிவப்பு இந்துப்பும் வந்துவிட்டன.

நான் வணிகவியல் படித்தவள். பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. ஆனால் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக வந்திருக்கும் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு விஷத்தைப் போடச் சொல்கிறாயா?" என்று அத்தை கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த எண்ணுக்குரிய பொருள் உண்மையிலேயே நஞ்சா, கல்லுப்பில் அயோடின் இயற்கையாகவே உண்டா, இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

சோதனைக்குழாய்:

மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். அந்தக் காணொளி என் மாணவர்களுக்கும் வந்தது. ஒரு வகுப்பு முழுவதும் அதற்கே போயிற்று.

பொட்டாசியம் ஃபெரோசயனைடு ஓர் அணைவுச் சேர்மம். நடுவில் ஓர் இரும்பு அயனி, அதைச் சுற்றி ஆறு சயனைடு ஈனிகள். சயனைடு மனிதனைக் கொல்வது, நம் செல்களில் மூச்சுக்குப் பயன்படும் ஒரு நொதியின் இரும்பைப் போய் இறுகப் பற்றிக்கொள்வதால்தான். இந்தச் சேர்மத்தில் அது ஏற்கெனவே ஓர் இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி அத்தனை எளிதில் விடுவதில்லை. இதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயுவை வெளியேற்ற வேண்டுமானால் அமிலம் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். வயிற்றில் அமிலம் உண்டு, கொதிநிலை இல்லை. உண்ட பொருளில் பெரும்பகுதி உடைபடாமலே வெளியேறிவிடுகிறது.

அளவையும் பார்ப்போம். ஈரக்காற்றில் தூள் உப்பு கட்டிதட்டாமல் இருப்பதற்காக, கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் வரை இதைச் சேர்க்க இந்தியாவில் அனுமதி உண்டு. ஒருவர் நாளொன்றுக்குப் பத்து கிராம் உப்பு தின்றாலும், அதுவே மிகுதி, உள்ளே போவது 0.1 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் மறுபரிசீலனை செய்து வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 1.8 மில்லிகிராம் ஆகிறது. அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஒரே நாளில் 180 கிராம் உப்பைத் தின்ன வேண்டும், அப்போது ஆளை முடிப்பது சோடியமாகத்தான் இருக்கும்.

'சயனைடு' என்ற பெயரே நீல நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரஷ்யன் நீலம் என்ற சாயத்திலிருந்துதான் அந்த அமிலத்தை முதலில் பிரித்தார்கள். அதே பிரஷ்யன் நீலம், அதாவது ஃபெரோசயனைடின் இரும்பு உப்பு, தாலியம் நஞ்சு உண்டவர்களுக்கு இன்று மருந்தாக வாய்வழியே கொடுக்கப்படுகிறது. பெயரை வைத்து நஞ்சென்று தீர்ப்பளிப்பதானால், குளோரின் வாயுவின் பெயரைத் தாங்கிய சோடியம் குளோரைடையே நாம் தொடக் கூடாது.

வேம்பு:

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காணொளியின் அறியாமையைக் காட்டி அயோடின் உப்பு பற்றிய கேள்விகள் அனைத்தையும் மூடிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அயோடின் குறைபாடு இமயமலை அடிவாரத்தின் நோய். மழையும் பனியாறுகளும் மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போன நிலம் அது. அதற்கான சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் 1956 ஆம் ஆண்டின் ஆய்வு நடந்த இடமும் இமாச்சலத்தின் காங்கிரா பள்ளத்தாக்குதான். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில், மீனும் கருவாடும் தின்று, கடல் நீரிலிருந்தே எடுத்த உப்பைப் போட்டுச் சமைத்த நமக்கு ஏன் அதே மருந்து? என் அக்காவும் அண்ணியும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை விழுங்குகிறார்கள். என் பாட்டி காலத்தில் இப்படி வீட்டுக்கு ஒருவர் இருந்ததாக நினைவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே மருந்தை உப்பில் கலந்து, மருந்து இல்லாத உப்பைக் கடையில் விற்பதே குற்றம் என்பதுதான் என் ஆட்சேபம். 1930 இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து போய் உப்பள்ளிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தமக்கு வேண்டிய உப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூடவா இருக்கக் கூடாது?

சோதனைக்குழாய்:

கடலுப்பில் இயற்கையாகவே அயோடின் உண்டு என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவத்தை மருத்துவர்கள் சொல்லட்டும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். அயோடினோ ஏறத்தாழ 0.06 மில்லிகிராம். அந்த அயோடின் முழுவதும் உப்போடு ஒட்டிக்கொண்டு வருவதாக வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் பங்கு உப்பில் இரண்டு பங்கைத் தாண்டாது. உண்மையில் அதுகூட வருவதில்லை. பாத்தியில் உப்பு முதலில் படிகமாகும்போது அயோடின், உப்பு படிந்த பின் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. சட்டம் கேட்பது நுகர்வோர் கையில் குறைந்தது 15 பங்கு. இந்துப்பின் கதை இன்னும் எளிது. அது மிகப் பழைய கடலொன்று வற்றிக் கிடந்த பாறை. அதன் சிவப்பு இரும்பின் துருவே தவிர அயோடின் அல்ல.

நாடிபிடிப்பவன்:

வேம்பு அவர்களின் கேள்வியில் பாதி நியாயமானது என்பதை ஒரு மருத்துவராக முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நியாயமில்லாத பாதியை முதலில் பேசுவோம். தைராய்டு சுரப்பி செய்யும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அவை உணவிலிருந்தே வர வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. கருவில் இருக்கும் குழந்தை முதல் மூன்று மாதங்களில் தாயின் தைராக்சினை நம்பியே மூளையை வளர்க்கிறது. முன்கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத நட்டம் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் விழுகிறது. கடலோரம் என்பது காப்பும் அல்ல. கடல் மீன் தின்பவருக்கு அயோடின் கிடைக்கும், கடற்காற்றை மட்டும் சுவாசிப்பவருக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடலைப் பார்க்காத ஊர்கள்தான். வாரம் ஒரு முறை கோழியும், மற்ற நாள்களில் குழம்பும் ரசமுமாகச் சாப்பிடும் குடும்பத்துக்கு எந்தக் கடற்கரையும் உதவாது. காங்கிரா ஆய்வையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். கழலை குறைந்தது அயோடின் பெற்ற பகுதிகளில்தான். பின்னர் மூன்றாம் பகுதிக்கும் கொடுத்தபோது அங்கும் குறைந்தது. அந்த ஆய்வு சொன்னது அயோடின் வேலை செய்யும் என்பதை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வதாகவும் அவர்கள் கூறவில்லை.

இனி நியாயமான பாதி. நீண்ட காலம் குறைவாகப் பெற்றுப் பழகிய மக்களுக்குத் திடீரென அயோடின் கூடினால் சிலருக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு வரும். 1960களில் டாஸ்மேனியாவில் ரொட்டியில் அயோடேட் என்ற அயோடின் சேர்மத்தைச் சேர்த்தபோது முதியவர்களிடம் இது நடந்தது. டென்மார்க்கில் 2000 ஆம் ஆண்டு உப்பில் அயோடின் கட்டாயமான பின் மிகைச் சுரப்பு முதலில் ஏறிப் பின்னர் பழைய நிலைக்கும் கீழே இறங்கியது; குறைச் சுரப்போ ஓரளவு கூடியது. உடலின் தற்காப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்கும் நோய்க்கும் அயோடின் மிகுதிக்கும் தொடர்பு உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். சீனா 2012 இல் தன் உப்பின் அயோடின் அளவைக் குறைத்தது சும்மா அல்ல. ஆனால் உங்கள் அக்காவின் மாத்திரைக்கு உப்பை மட்டும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், பாட்டி காலத்தில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவை இரத்தத்தில் பார்க்கும் சோதனைக்கூடம் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். உடம்பு பருத்து, முடி கொட்டி, எப்போதும் சோர்ந்து கிடந்த பெண்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிக் கடந்துபோன காலம் அது.

சயனைடுக்கும் தைராய்டுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, காணொளிக்காரர் அதைத் தவறவிட்டுவிட்டார். சரியாக வேகாத மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றி முறிக்கிறது. அந்தத் தயோசயனேட் சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கிறது. தினமும் மரவள்ளியையே உணவாகக் கொள்ளும், அயோடினும் குறைந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் கழலை மிகுந்ததற்கு இது ஒரு காரணம்.

கொற்கைவாசி:

எங்கள் குடும்பத்துக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே மூன்று தலைமுறையாகச் சிறு உப்பளம் இருந்தது, இன்று இல்லை. ஆகவே என் பேச்சில் கசப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உப்பு வாருகிறவனுக்குக் கசப்பு நீர் புதிதல்ல.

இந்த விவாதத்தில் மூன்று வழக்குகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. சயனைடு என்பது பொய் வழக்கு. ஆசிரியர் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். அயோடின் தேவையா என்பது மருத்துவ வழக்கு. அயோடின் இல்லாத உப்பை விற்கவே கூடாது என்பது மூன்றாவது, அதுதான் எங்கள் வழக்கு. முதல் வழக்கின் பொய்யைக் காட்டி மூன்றாவதின் நியாயத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பேச வந்த சிலரும் மூன்றாவது வழக்கில் வெல்வதற்காக முதல் வழக்கின் பொய்யைக் கையில் எடுத்தார்கள் என்பதையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும்.

தடை 1998 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது, 2000 இல் விலக்கப்பட்டது, 2006 இல் மீண்டும் வந்தது. எட்டு ஆண்டுகளில் அறிவியல் இரண்டு முறை மாறவில்லை, அரசின் எண்ணம்தான் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெரிய ஆலை தாங்கும். பத்து ஏக்கர் அளம் வைத்திருப்பவன் தாங்குவதில்லை. அயோடேட் தெளிப்பது பார்வைக்கு எளிய வேலைதான். உப்பு பட்டையில் நகர்ந்து வரும். மேலே குழாயிலிருந்து பொட்டாசியம் அயோடேட் கரைசல் புகையாய் இறங்கும். டன்னுக்கு ஐம்பது கிராம் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டை, தெளிப்பான், சோதனைக்கூடம், அதற்கு ஓர் ஆள் என்று எல்லாம் சேர்த்தால், மழைக்காலத்தில் மூடிக் கிடக்கும் ஒரு சிறு அளத்துக்குக் கட்டுப்படியாகாது. மூலப்பொருளான அயோடினோ பெரும்பாலும் சிலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வர வேண்டும். ஆகவே சொந்தமாய்ச் சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, மதுரை வரை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தவர்கள், குவியலாகவே ஆலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு வரும் நிலைக்கு இறங்கினோம். அப்பா கடைசியாகக் கட்டிய சாக்கு ஒன்று இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தலையணை போலக் கிடக்கிறது. ஈரம் குடித்துக் கல்லாகிவிட்டது.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இருதரப்பாரும் பாதி பாதியாகத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு தடையை விதியாக இயற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது தீர்ப்பு. அதே மூச்சில், பொது நலன் கருதி ஆறு மாதம் வரை அது தொடரலாம் என்றும், அதற்குள் முறையாக முடிவெடுக்கலாம் என்றும் சொன்னது. அந்த இடைவெளியில் அடுத்த சட்டமான உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளுக்குள் அதே தடை வந்து அமர்ந்துகொண்டது. எங்களை அழைத்து யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பலன் என்ன? 2018-19 இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. நாட்டிலேயே கடைசி இடம் நம்முடையது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் மாநிலத்தின் நிலை இது. தடை போட்டவர்கள் சிறு அளங்களுக்குப் பொதுத் தெளிப்பு நிலையங்கள் அமைத்துக் கொடுத்திருந்தால், நியாயமான விலையில் அயோடேட் கொடுத்திருந்தால், கல்லுப்பு விரும்பும் வீடுகளுக்கும் அயோடின் போயிருக்கும். வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகம் இருக்கிறது, 2014 இல் அம்மா உப்பும் வந்தது. செய்ய முடியாத காரியமல்ல.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வரி சேர்க்கலாம் என நினைக்கிறேன். இலங்கையில் 1995 இலிருந்து உப்பில் அயோடின் கட்டாயம். அந்த நாள்களில் எங்கள் பக்கத்தில் போர். ஆனையிறவு உப்பளம் மூடிக் கிடந்தது. வீட்டில் எந்த உப்புக் கிடைத்ததோ அதையே போட்டோம், பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கிற வசதி எவருக்கும் இருக்கவில்லை. கொற்கைவாசி அண்ணன் சொல்வது சரி. சட்டம் கொழும்பில் எழுதப்படலாம், உப்பு எந்த வழியால் அடுப்படிக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

மீனாட்சிபுரத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. ஆனால் புதிய குழப்பம் ஒன்று வந்துவிட்டது. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வர, சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றி, தூள் உப்பு, கல்லுப்பு, இந்துப்பு மூன்றையும் தனித்தனியே கரைத்துப் பார்த்தேன். எதிலும் நீலம் வரவில்லை. அயோடின் உப்பு என்று அச்சிட்ட பொட்டலத்திலும் வரவில்லை. அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். "காசையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சோதனைக்குழாய்:

ஏமாற்று இல்லை அம்மா. கஞ்சி தேடிய பொருள் வேறு, உப்பில் இருக்கும் பொருள் வேறு. மாவுச்சத்தை நீலமாக்குவது தனி அயோடின். உப்பில் நாம் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அதில் அயோடின் ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கிறது. நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் தாங்கட்டும் என்றே அயோடைடை விட்டுவிட்டு அயோடேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நீலம் வர வேண்டுமானால் சிறிது அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்க்க வேண்டும்; அயோடேட்டும் அயோடைடும் அமிலத்தில் சந்தித்தால்தான் தனி அயோடின் பிறக்கும். சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவரும் சிறு சோதனைக் குப்பியில் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். நீங்கள் நான்கு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பிவையுங்கள். தூள் உப்பு ஒன்று, ஜாடியின் மேலிருந்து கல்லுப்பு ஒன்று, அடியிலிருந்து ஒன்று, இந்துப்பு ஒன்று. எதில் எவ்வளவு அயோடின் என்று பள்ளிக்கூடத்தில் தரம்பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கேள்வி: கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்துகிறீர்களா? மண் போகட்டும் என்று பல வீடுகளில் அலசி ஊற்றுவார்கள். அயோடேட் படிகத்தின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். முதல் அலசலிலேயே போய்விடும். கரைத்துத் தெளியவைத்து அந்த நீரைச் சமையலில் ஊற்றினால் நட்டமில்லை.

வேம்பு:

சயனைடு பற்றி என் குடும்பக் குழுவில் நான் பகிர்ந்ததை நீக்கிவிட்டு, ஆசிரியரின் விளக்கத்தை இட்டிருக்கிறேன். பேரில் பாதியைப் படித்துப் பயந்தது என் தவறு. கட்டாயம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் சில நாள் அயோடின் குறைந்த உணவு உண்ண வேண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள் அல்லவா. அவர்கள் சாதாரண உப்பைத் தேடி எங்கே போவார்கள்? அடையாளம் தெளிவாக அச்சிட்டு இரண்டையும் விற்க விட்டால் என்ன?

நாடிபிடிப்பவன்:

அந்த நோயாளிகளின் சிரமம் உண்மை. நானே அலைந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் விற்க விட்டால் சாதாரண உப்பு ஒரு ரூபாய் மலிவாக இருக்கும். அந்த ஒரு ரூபாய்க்காக அதை வாங்குபவர்கள் எந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த வீடுகளில் மீன் எத்தனை நாள் சமைக்கப்படுகிறது என்பதுதான் என் தயக்கம். அளவை மாநிலத்துக்கு மாநிலம் அளந்து திருத்த வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். தடையை எடுப்பதில் நிற்க முடியவில்லை.

சோதனைக்குழாய்:

பொட்டலங்கள் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் செய்தார்கள். பத்து கிராம் உப்பைக் கரைத்து, நீர்த்த கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, பத்து நிமிடம் அலமாரிக்குள் இருட்டில் வைத்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்தார்கள். தூள் உப்புக்கு அளவியிலிருந்து 2.9 மில்லிலிட்டர் தயோசல்பேட் இறங்கியது. பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 31 பங்கு. ஜாடியின் மேல் கல்லுப்புக்கு 0.5, அதாவது 5 பங்கு. அடியிலிருந்து எடுத்ததற்கு 1.6, அதாவது 17 பங்கு. இந்துப்பு கடைசிவரை நீலமே காட்டவில்லை.

மேலுக்கும் அடிக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்றால், கல்லுப்பில் தங்கியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசியும். அந்தக் கசிவோடு அயோடேட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். அடுப்பு ஆவி படும் இடத்தில் ஜாடி இருந்தால் இது விரைவாக நடக்கும்.

மீனாட்சிபுரத்தாள்:

அந்தக் குடுவை நீலமானபோது மாணவிகள் எடுத்த படத்தை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். தூள் உப்பு இன்னும் வாளியருகேதான் இருக்கிறது. அதை மீண்டும் உள்ளே கொண்டுவர அவர் தன்மானம் இடம் தரவில்லை போலும். ஆனால் இன்று காலை ஜாடி அடுப்பை விட்டு எதிர்ச் சுவர் அலமாரிக்குப் போயிருந்தது. நாத்தனாருக்குக் கஞ்சி காய்ச்சும்போது, ஈரமில்லாத மரக்கரண்டியை அடிவரை விட்டு ஒரு கிளறு கிளறிவிட்டு உப்பை எடுத்தார். மருத்துவர் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: ஜாடியில் மீதமிருப்பது தீரும்வரை, அவளுக்கு மட்டும் தனியாகத் தூள் உப்பு போடலாமா?

நாடிபிடிப்பவன்:

தாராளமாகப் போடலாம். இன்றைக்கே.